கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஐம்பது நிமிடம்

சிதம்பரத்து ராஜவேல் தன்னுடைய ரயிலையெல்லாம் பெயர்த்துச் சாக்கில் கட்டிவிட்டார் என்ற சேதி, பல் இல்லாத ஒருவரின் வாய் வழியாகத்தான் கடலூர் ஓல்டு டவுனுக்கு வந்து சேர்ந்தது. மேல்வரிசைக்குப் பல் செட் கட்ட ராஜவேலிடம் அளவு கொடுக்கப் போன மனிதர் அவர். போன இடத்தில், முன்னறை மூலையில் ஒரு சாக்கைப் பார்த்திருக்கிறார். அதற்குள்ளிருந்து குட்டிக் குட்டித் தண்டவாளம் நீட்டிக்கொண்டிருந்ததாம். ஊருக்குத் திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் அந்தோணிசாமிக்குச் சகலை. இப்படியாகச் சேதி அந்தோணிசாமியின் எலெக்ட்ரிக் கடைக்கு வந்து, அங்கே சால்டரிங் ஈயம் வாங்க நின்றிருந்த இளவரசுவின் காதில் விழுந்தது.

"ஒன் கூட்டாளி கடையக் கட்டிட்டானாமே, தெரியுமா?" என்றார் அந்தோணிசாமி.

"எந்தக் கூட்டாளி?"

"ஒனக்கென்னமோ பத்து கூட்டாளி இருக்கற மாதிரி கேக்கற. பல் செட்டுதான். ரயிலெல்லாம் பேத்து சாக்குல போட்டுட்டானாம். காயலாங்கடைக்குப் போவுது போல."

"யாரு பார்த்தது?"

"பல்லு கட்டப் போன ஆளு. பல்லு இல்லாதப்பவே இவ்ளோ சேதி கொண்டாறான். செட்டு மாட்டிட்டான்னா ஊரையே வித்துருவான்."

இளவரசு சிரிக்கவில்லை. ஈயச் சுருளை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"நீதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுவியே. நேத்து ஒண்ணும் சொல்லலயா அவன்?" என்று கேட்டார் அந்தோணிசாமி.

இளவரசு ஈயத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வாங்காமலே படியிறங்கிப் போனார். ஏழு ஞாயிறாக ராஜவேல் அவருடைய போனை எடுக்கவில்லை என்பது அந்தோணிசாமிக்குத் தெரியாது. வீட்டில் மனைவி அமராவதிக்கே முழுசாகத் தெரியாது.

இளவரசுக்கு வயது ஐம்பத்தாறு. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மீட்டர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முள்ளும் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, போன பிறகு எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுவது வேலை. பூட்டிய பிறகு பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பூர்வீகம் மேல்பட்டாம்பாக்கம், கரும்பு போட்ட குடும்பம். பதினொரு வயதில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லாமே அண்ணன் சுப்பராயலுதான். படிக்க வைத்தது அண்ணன், வேலைக்கு மனுப்போட வைத்தது அண்ணன், அமராவதியைப் பெண் பார்த்தது அண்ணன். கடலூரில் வீடு கட்டித் தம்பியைக் கூடவே வைத்துக்கொண்டதும் அவர்தான். இரண்டு சமையல்கட்டு, ஒரே ஹால். அண்ணன் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை என்று இளவரசு பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தட்ட வேண்டிய நாள் ஒன்று வந்ததில்லை என்பதுதான் நிஜம்.

அந்த வீட்டின் மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை இருக்கிறது. பதினாலடிக்கு எட்டடி. அதற்குள் கடலூர் இருக்கிறது. ஆங்கிள் சட்டத்தின் மேல் பிளைவுட், பிளைவுட்டின் மேல் தக்கை, தக்கையின் மேல் விரல் அகலத் தண்டவாளம். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், கெடிலத்துப் பாலம், துறைமுகம் சந்திப்பின் பிளாட்பாரங்கள், சரக்கு வண்டி ஒதுங்கும் தடம். என்ஜின் என்றால் உள்ளங்கையில் அடங்கும். பெட்டிகளின் எண்களைக்கூட ஒற்றை மயிர்த் தூரிகையால் அவரே எழுதியிருந்தார். துறைமுகத்தை விட்டுத் தெற்கே போகும் தடம் அறையின் சுவரில் ஒரு சின்ன வாசலுக்குள் நுழைந்து மறைந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பலகைதான். ஆனால் இளவரசுவைக் கேட்டால், அந்தப் பக்கம் ஆலப்பாக்கம் என்பார்.

ராஜவேலை அவருக்குக் காட்டிக் கொடுத்தது அந்தோணிசாமிதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மயிரிழைக் கம்பி ஒன்று கேட்டு இளவரசு கடைக்குப் போனபோது, "உங்கள மாதிரி இன்னொரு பைத்தியம் சிதம்பரத்துல இருக்கு. அதுவும் இதே கம்பியத்தான் கேட்டுச்சு" என்று சொல்லி ஒரு நம்பரைக் கொடுத்தார். ராஜவேல் பல் கட்டும் தொழிலாளி. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பிளாஸ்டரில் வார்த்து, பல் வரிசை செய்து கொடுப்பவர். அதே பிளாஸ்டரில் கிள்ளையின் கழிமுகத்தையும் கொள்ளிடத்து மணல்திட்டையும் வார்த்து வைத்திருந்தார்.

மாதிரி ரயில் கட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வண்டியை வட்டமாகச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒன்று. வண்டி என்று இருந்தால் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பவர்கள் மற்றொன்று. இவர்கள் இருவரும் இரண்டாவது. வட்டமாகச் சுற்றும் வண்டிக்குச் செக்குமாடு என்று ராஜவேல் பெயர் வைத்திருந்தார். ஆனால் இரண்டு ஊரையும் சேர்த்துக் கட்ட இருவர் வீட்டிலும் இடமில்லை. வழி சொன்னது ராஜவேல்தான்.

"நீங்க கடலூரக் கட்டுங்க சார், நான் சிதம்பரத்தக் கட்டறேன்."

"நடுவுல?"

"நடுவுல போனு."

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் இரட்டை செய்தார்கள். அதே என்ஜின், அதே பெட்டிகள், அதே எண்கள், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஞாயிறு மாலை நாலு பத்துக்கு இளவரசு போன் போடுவார். "சிதம்பரம், லைன் கிளியர்?" என்பார். தடம் காலியாக இருக்கிறது, விடலாம் என்று அங்கிருந்து ஓர் எண் சொல்ல வேண்டும். அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் இளவரசு கன்ட்ரோலரைத் திருகுவார். வண்டி துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, சுவரின் வாசலுக்குள் போய் மறையும். அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம், நிஜமான ஐம்பது நிமிடம், இருவரும் காத்திருப்பார்கள். நேரம் நெருங்கியதும் சிதம்பரத்துச் சுவரின் வாசலிலிருந்து அந்த வண்டியின் இரட்டை, கிள்ளைக்குள் நுழைந்து சிதம்பரத்தில் வந்து நிற்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை மூன்றையும் யாரும் கட்டவில்லை. அந்த ஊர்கள் போனில்தான் இருந்தன.

"எங்க வருது?" என்று பாதியில் கேட்பார் இளவரசு.

"வெள்ளாத்துப் பாலத்துல ஏறிடுச்சு மச்சான். ஜன்னல் பக்கம் ஒரு குண்டு ஆளு தூங்கறான், ஒன்ன மாதிரியே இருக்கான்."

சில வாரம் புதுச்சத்திரத்தில் எருமை குறுக்கே வந்துவிடும். ராஜவேல் மனம் வைத்தால் எருமை வரும். "ஆறு நிமிஷம் லேட்டு மச்சான், நான் என்னா பண்றது, எரும நகர மாட்டேங்குது" என்பார். இளவரசு நோட்டில் எழுதுவார்: எருமை, ஆறு நிமிடம். அதில் அவருக்குப் பொய் என்று ஒன்று தோன்றியதே இல்லை.

ராஜவேலின் கையில் பிளாஸ்டர் இருக்கும் நாளில் போனை அவர் மகள் அறிவுமதி எடுப்பாள். அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். "சிதம்பரம் ஸ்டேஷன் மாஸ்டர் பேசறேன் மாமா, எண் நாப்பத்தேழு, வண்டிய விடுங்க" என்று மூக்கால் பேசுவாள். கொரோனா ஊரடங்கில் நிஜத் தண்டவாளத்தில் மாதக்கணக்காகப் பயணிகள் வண்டி இல்லாதபோது, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இந்த ஒரு வண்டி மட்டும் ஒரு ஞாயிறும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் இருவரும் ஐம்பது நிமிடமும் போனை வைக்கவே இல்லை.

போனில் ராஜவேலுக்கு இளவரசு மச்சான். நேரில் பார்த்தால் சார். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் கடலூர் வருவார், என்ஜினுக்கு எண்ணெய் போட, தடம் மாற்றும் பாயிண்டைச் சரிசெய்ய. தெருவிலிருந்தே மாடிக்கு ஏறும் வெளிப்படி ஒன்று உண்டு. அதில் ஏறி நேராக ரயில் அறைக்கு வந்துவிடுவார். அமராவதி டீயை மேலே கொண்டுவந்து பேப்பர் கப்பில் கொடுப்பாள். அந்தப் படி வசதிக்காகக் கட்டியது என்று இளவரசு நினைத்தார். பேப்பர் கப் கழுவுகிற வேலை மிச்சம் என்று நினைத்தார். இரண்டு பேரின் சாதியும் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்பதால், அது இல்லை என்று நம்பியவர் இளவரசு மட்டும்தான்.

போன தை மாதம் ராஜவேலும் அவர் மனைவி பிரிசில்லாவும் அறிவுமதியும் தாம்பாளத்தோடு வந்தார்கள். பத்திரிகை, பழம், வெற்றிலை. அன்றும் வெளிப்படி வழியாகத்தான் ஏறினார்கள். அறிவுமதி இப்போது கல்லூரியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் திட்டக்குடிப் பக்கத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையன் இளவரசு வீட்டாரின் சாதி.

தண்டவாளத்தை இடிக்காமல் மூவரும் பலகை ஓரமாக நின்றார்கள். அறிவுமதிதான் பேசினாள்.

"மாமா, அவுங்க வீட்டுல ஒருத்தரும் வரமாட்டாங்க. சர்ச்சுல ரிஜிஸ்தர்ல சாட்சிக் கையெழுத்து போடணும். எங்க பக்கம் ஆள் இருக்கு. அவரு பக்கம் நீங்க போடணும்."

"அதுக்கென்ன தாயி, போட்டுட்டாப் போச்சு."

"யோசிச்சு சொல்லுங்க சார்" என்றார் ராஜவேல்.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? எட்டரை பாசஞ்சர்ல ஏறுனா ஒம்போது இருவதுக்கு சிதம்பரம். நேரா சர்ச்சு."

அறிவுமதி குனிந்து அவர் காலைத் தொட்டாள். இளவரசுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் அவர் சொன்ன வார்த்தை பொய் இல்லை.

அன்று சாயங்காலம் ஹாலில் அண்ணன் கூப்பிட்டார். சுப்பராயலு சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. நகத்தை வெட்டிக்கொண்டே பேசினார்.

"கல்யாணத்துக்குப் போறத நான் வேணாங்கல தம்பி. கையெழுத்து போடறியாமே."

"ஆமாண்ணே. அறிவு சின்னப் புள்ளயிலேருந்து பழக்கம்."

"பையனப் பெத்தவங்களே வந்து நிக்கல. அந்த எடத்துல நீ போயி நிக்கற. நல்லது. வர்ற மாசம் சேத்தியாத்தோப்புக்காரங்க நம்ம தமிழ்ச்செல்வியப் பார்க்க வராங்க. அவுங்க காதுக்கு இது எத்தன நாளுல போவும்னு நெனைக்கற?"

தமிழ்ச்செல்வி இளவரசுவின் ஒரே பெண்.

"கையெழுத்து ஒன்னுது. பொண்ணும் ஒன்னுது. அப்பறம் ஒன் இஷ்டம்."

ஒன் இஷ்டம் என்று அண்ணன் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நாற்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் அப்படித்தான்.

கல்யாணத்தன்று காலையில் இளவரசு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, கைக்கடிகாரம் எடுக்க மாடிக்குப் போனார். எடுத்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டரைக்குத் துறைமுகம் ஸ்டேஷனிலிருந்து பாசஞ்சரின் ஹாரன் கேட்டது. வண்டி கிளம்பி, சத்தம் தெற்கே தேய்ந்து போய், தெருவில் தயிர்க்காரியின் குரல் கேட்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் இன்றுவரை அவரால் நம்ப முடியவில்லை. கீழே போய் அமராவதியிடம் ஒரு முழம் மல்லி வாங்கி வந்தார். நூலைப் பிரித்து, மொட்டு மொட்டாக எடுத்து என்ஜினின் முகத்தில் சின்ன மாலையாகக் கட்டினார். பெட்டிகளின் மேல் சந்தனம் வைத்தார். காகிதத்தில் 'அறிவுமதி கல்யாண ஸ்பெஷல்' என்று எழுதி முன்னால் ஒட்டினார். செய்யச் செய்ய மனசு லேசாகிக்கொண்டே வந்தது. கல்யாணத்துக்குப் போவதைவிட இதுதான் தன்னால் ஆகிற பெரிய மரியாதை என்று தோன்றிவிட்டது. வண்டியைத் துறைமுகத்திலிருந்து மெல்ல நகர்த்தி, போனில் வீடியோ எடுத்து, ராஜவேலுக்கு அனுப்பினார். கீழே எழுதினார்: "உடம்பு சரியில்லை மச்சான். ஸ்பெஷல் கிளம்பிவிட்டது. லைன் கிளியர் கொடு."

மணி பத்து. பதில் வரவில்லை. கல்யாண வேலையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நாலு பத்துக்குப் போன் அடித்தது, அடித்து ஓய்ந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சேத்தியாத்தோப்புக்காரர்கள் வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் போய், ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கும் மாடிக்குப் போய் ராஜவேலுக்குப் போன் அடித்தார்.

அந்தோணிசாமி கடையிலிருந்து வந்த மறுநாள் இளவரசு பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அதே எட்டரை பாசஞ்சரில் ஏறினார். அந்தத் தடத்தில் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு மனப்பாடம். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் அதில் அவர் சிதம்பரம் போனது மூன்றே தடவை. ஜன்னல் வழியாக ஆலப்பாக்கம் வந்தது. புதுச்சத்திரத்தில் வண்டி ஒரு நிமிடம் நின்று கிளம்பியது. எருமை ஏதும் இல்லை.

ராஜவேலின் வீட்டில் பிரிசில்லாதான் கதவைத் திறந்தார்.

"வாங்க. அவுரு இல்லிங்க. சேத்தியாத்தோப்புல ஒரு டாக்டரு வரச் சொன்னாருன்னு போயிருக்காரு. சாயங்காலமாவும்."

"ரயிலெல்லாம் பேத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன்மா."

"யாரு சொன்னது? அதெல்லாம் அப்படியே கெடக்கு. வந்து பாருங்க."

உள்ளறையைத் திறந்து விளக்கைப் போட்டார். இளவரசு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சிதம்பரம் அப்படியே இருந்தது. கொள்ளிடத்து மணல்திட்டு இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் சின்ன ஆட்டோக்கள் நின்றன. வடக்குச் சுவரைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. கடலூர் வண்டி வரும் வாசல் இல்லை. அந்த இடத்தை, பல் செட்டுக்கு ஈறு செய்யும் ரோஸ் நிற மாவால் அடைத்து, தேய்த்து, வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். ராஜவேலின் கை நேர்த்தி, எங்கே சுவர் முடிகிறது எங்கே அடைப்பு தொடங்குகிறது என்று விரல் வைத்தாலும் தெரியாது. நிறம் மட்டும் இன்னும் அடிக்கவில்லை. சுவரை நோக்கி ஓடிவந்த தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் கிள்ளையிலிருந்தே தடத்தை வளைத்து மறுபடி சிதம்பரத்தோடு சேர்த்திருந்தார். பல் இல்லாத மனிதர் பார்த்த சாக்கில் இருந்தது அந்தப் பெயர்த்த தண்டவாளம்தான்.

வட்டம். வண்டி இப்போது சிதம்பரத்தில் கிளம்பிச் சிதம்பரத்துக்கே வரும்.

"ஞாயித்துக்கெழம நாலு மணியானா போட்டு விட்டுர்றாரு" என்றார் பிரிசில்லா. "அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே கெடக்கு. அவுரு முதுகக் காட்டி ஒக்காந்து பல்லு செதுக்குவாரு. திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. ஒங்க போனு வந்தா கவுத்து வெச்சுடுவாரு."

"அன்னிக்கி எனக்கு ஜுரம்மா" என்று ஆரம்பித்தார் இளவரசு. வீடியோவில் தன் கையும் வெள்ளைச் சட்டையின் முழங்கையும் தெரிந்தது நினைவுக்கு வந்தது. நிறுத்திக்கொண்டார்.

பிரிசில்லா அதைக் கேட்காதது போல இருந்தார். "ஒம்போது இருவது வண்டிக்கு ஆள ஸ்டேஷனுக்கு அனுப்பிச்சாரு. வரலன்னதும், அடுத்த வண்டில வருவாரு, எனக்குத் தெரியாதா அவரு டைமுன்னு போதகரையே நிக்க வெச்சுட்டாரு. ரிஜிஸ்தரு தொறந்தே கெடந்துச்சு. பேனாவப் புடிச்சிக்கிட்டு மாப்ள நிக்கறாரு. அப்பத்தான் போன்ல டிங்குன்னு சத்தம். வந்துட்டாரு, எறங்கிட்டாரு போலன்னு எல்லாருக்கும் முன்னாடி எடுத்துப் பாத்தாரு. அறிவும் எட்டிப் பாத்தா."

இளவரசு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிவுதான் சொன்னா, அப்பா, மாமா வரல, வேற யாரையாவது போடச் சொல்லுங்கன்னு. சர்ச்சுல மணியடிக்கறவரு வந்து போட்டாரு."

பிறகு உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தார். இளவரசு அதைக் குடித்தார். இந்த வீட்டில் அவர் குடித்த முதல் காப்பி. முன்பு வந்த மூன்று தடவையும் சர்க்கரை என்று சொல்லி வேண்டாமென்றிருந்தார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

"நான் வந்தேன்னு சொல்லுங்கம்மா. அவுரு போன எடுக்கணும். ஒரே ஒரு தடவ. நான் உண்மையச் சொல்லிடணும்."

"நான் எடுக்கச் சொல்லமாட்டேங்க. அது அவுரு இஷ்டம்." கோபமே இல்லாமல் பிரிசில்லா சொன்னார்: "கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கி நான் கேட்டேன். பன்னெண்டு வருஷமா அந்த வீட்டுக்குப் போறீங்களே, அவுங்க வீட்டு ஹாலு என்னா கலருன்னு. யோசிச்சுப் பாத்துட்டு, தெரியலன்னாரு."

திரும்பி வரும்போது இளவரசு ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆய்வகத்தில் மீட்டர்களை எண்ணும்போது எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. ஞாயிறு நாலு பத்துக்கு அமராவதி வழக்கம்போல, "மாடிக்கா? டீ மேலயே கொண்டாரட்டா?" என்றாள்.

"வேணாம். நான் இங்கதான் இருக்கேன்."

ஹாலில் சுப்பராயலு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். இளவரசு எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். வெளிர்பச்சை. அவருக்கே அது அப்போதுதான் கண்ணில் பட்டது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, டீப்பாயின் மேல் வைத்தார். மணியடிக்கும் சத்தம் ஹால் முழுவதும் கேட்டது.

"யாருக்குப்பா?" என்றார் சுப்பராயலு, திரும்பாமல்.

"ராஜவேலுக்கு."

"மேல போயி பேசறது."

"மேல இல்லண்ணே. இங்கேருந்துதான் பேசணும்."

சுப்பராயலு திரும்பித் தம்பியைப் பார்த்தார். இளவரசு போனை டீப்பாயின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்.

"அன்னிக்கி ஜுரம் இல்ல, பயந்துக்கிட்டு வரலன்னு சொல்லப் போறேன். யாருக்குப் பயந்தேன்னும் சொல்லப் போறேன். அடுத்த ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வந்து இந்த ஹால்ல ஒக்காந்து சாப்புடுங்கன்னு கூப்புடப் போறேன். அறிவையும் மாப்ளையையும் சேத்து."

சமையல்கட்டு வாசலில் அமராவதி ஈரக் கையோடு வந்து நின்றாள். சுப்பராயலு வாயைத் திறந்தார். ஒன் இஷ்டம் என்று சொல்லப் போகிறார் என்று இளவரசு காத்திருந்தார். அவர் அதைச் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து டி.வி.யின் சத்தத்தை அடியோடு குறைத்தார். கோபத்தில் குறைத்தாரா, கேட்பதற்காகக் குறைத்தாரா, அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மணி அடித்து ஓய்ந்தது. நீங்கள் அழைக்கும் நபர் பதிலளிக்கவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. இளவரசு குனிந்து அதே எண்ணை மறுபடி அழுத்தினார்.

மூன்று பேரும் டீப்பாயின் மேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடித்துக்கொண்டிருந்தது.